சும்மா உட்கார ஒரு ஆள்

டிரைவருக்குக் கொடுத்திருந்த வேலை நாற்காலியில் உட்காருவது. வேறு ஒன்றும் கிடையாது. இஸ்திரி போட்ட சட்டை, மேசைக்குப் பின்னால் சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி, முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். ஆள் வந்தால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

"சும்மா உட்கார முடியுமா மாமா?" என்று மருமகள் கேட்டபோது, "ஆயுசு பூரா அதைத்தானேம்மா பண்ணினேன்" என்றார்.

பஸ் ஓட்டினவர். முதுகும் முட்டியும் தேய்ந்துபோய் ஓய்வு வாங்கி வீட்டில் கிடந்தவர். படிப்பு, ஊர்ப்பெயர்ப் பலகை வாசிக்கிற அளவுக்கு. மனுஷர்களை நம்புவது அதைவிடக் குறைவு. பயணி சில்லறை இல்லை என்றால் நம்பமாட்டார், மெக்கானிக் பிரேக் சரி என்றால் தானே மிதித்துப் பார்ப்பார். மருமகள் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறேன் என்றபோது மட்டும் நம்பிவிடுவாரா?

"பொம்பளைக்கு இதெல்லாம் ஒத்துவராதும்மா. நாலு இடம் அலையணும், நாலு பேர்கிட்ட சத்தம் போடணும். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ஆகுற காரியமா? கையைச் சுட்டுக்கிட்டு வந்து நிக்கப் போறே" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கப்பலில் இருந்தான். கப்பலில் இருக்கிறவனுக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது சௌகரியம்.

அவள் அதற்கு முன்னால் ஒரு மருந்து மொத்த வியாபாரியின் குளிர் அறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடர்ந்தாற்போல் விடுமுறை வந்த ஒரு வாரத்தில் அங்கே கரண்ட் போய், ஊசி மருந்து மொத்தமும் வீணாகிவிட்டது. காவல்காரனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவனுக்கு உள்ளே சூடா குளிரா என்று எப்படித் தெரியும்? இவள் மனதில் அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. கையளவு பெட்டி ஒன்று செய்தாள். ஃபிரிட்ஜுக்குள் ஒட்டிவைத்தால் சூடு ஏறும்போது போனில் அடிக்கும். எடுத்தால்தான் நிற்கும். யாரும் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு அடிக்கும். இவ்வளவுதான் கம்பெனி. ஒரு மாடி அறை, ஒரு மேசை, கம்பியைச் சூடாக்கி ஈயம் வைக்கிற பெண் ஒருத்தி. தலைமுடியைப் பார்த்து அவளை எல்லோரும் சுருட்டை என்பார்கள்.

பெட்டி நன்றாகத்தான் அடித்தது. வாங்க வருகிறவர்கள்தான் சரியில்லை. வாசலில் நின்றே, "சார் இல்லையா?" என்பார்கள். "நான்தான்" என்றால், "இல்லம்மா, மெஷின் செஞ்சவர்?" என்பார்கள். "அதுவும் நான்தான்" என்றால் உட்காருவார்கள், ஆனால் கண் கதவு மேலேயே இருக்கும், யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்று. ஒருநாள் குழாய் ஒழுகுகிறதென்று ஒரு ஆள் வந்து கழற்றிக்கொண்டிருந்தான். வந்திருந்த மருந்துக்கடைக்காரர் தன் சந்தேகம் அத்தனையையும் திரும்பித் திரும்பி அவனிடமே கேட்டார். பேட்டரி எத்தனை நாள் வரும், ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள் என்று. குழாய்க்காரன் ஸ்பேனரோடு முழித்தான். கடைசியில் பாவம், "நல்லா வரும் சார், வாங்கிக்குங்க" என்றான். கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயந்திரம்தான் மருமகள் மாமனாரிடம் வந்து அந்த 'சும்மா உட்கார முடியுமா' கேள்வியைக் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

ஏற்பாடு சுலபம். கண்டக்டர் விசில் அடித்தால் வண்டி நகரும், அடிக்காவிட்டால் நகராது. அதே மாதிரி. மருமகள் பேனாவை மூடினால் டிரைவர் தலையை ஒரு தடவை ஆட்ட வேண்டும். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால், "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வரிக்கு மேல் வாயைத் திறக்கக்கூடாது.

அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. வந்தவர்கள் பாதி விலைக்குக் கேட்பார்கள். கண்ணாடி கழலும். டிரைவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்பார். வந்தவர் படியிறங்குவதற்குள் மனசு மாறித் திரும்பி வருவார். "பெரியவர் அழுத்தக்காரர். பிடியே கொடுக்க மாட்டேங்குறார்" என்று கடைத்தெருவில் பேச்சு பரவியது.

பேச்சு டிரைவர் காதுக்கும் வந்தது. வந்தால் சும்மா இருக்குமா? டீக்கடையில் "நம்ம கம்பெனி" என்று ஆரம்பித்தார். பிறகு "நான் இல்லாட்டி அங்க ஒன்னும் நடக்காது" என்றார். சட்டையில் மடிப்புச் சரியில்லை என்று மருமகளிடம் குறை சொன்னார். அவள் மறுபடி இஸ்திரி போட்டாள். அவளுக்கு இப்போது வேலை இரட்டிப்பு. ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். பிறகு அதை மாமனார் செய்தமாதிரி காட்ட வேண்டும். விலையைத் தானே முடிவுபண்ணிவிட்டு, ஆட்கள் முன்னால் குனிந்து, "ஐயா, இந்த விலைக்குக் கொடுக்கலாங்களா?" என்று கேட்க வேண்டும். குழந்தையைத் தூக்கமுடியாத கை வலியோடு சாயந்திரம் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள். டிரைவருக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். வயசானவர் இல்லையா.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து கேட்டார்கள். எல்லா மாடிக்கும் வேண்டும், மருந்து இருக்கிற ஒவ்வொரு ஃபிரிட்ஜுக்கும். அத்தனை பெட்டி செய்ய சாமான் வாங்க வேண்டும், ஆள் வைக்க வேண்டும், கையில் அதற்கு முதல் இல்லை. முதல் போடுகிறேன் என்று ஒருவர் வந்தார். அவர் படியேறும்போதே வாசனை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். டிரைவர் அவருக்கு செண்ட்காரர் என்று பெயர் வைத்தார். தன் காசை ஊரான் தொழிலில் போடுகிறவன் சும்மா போடுவானா என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் செண்ட்காரர் வந்ததும் வராததுமாக டிரைவரின் கையைப் பிடித்து, "ஐயா, உங்க முகத்தைப் பார்த்துத்தான் முதல் போடுறேன்" என்றதும் சந்தேகம் கொஞ்சம் தளர்ந்தது. முகத்தைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் நல்லதாகச் சொன்னதில்லை.

செண்ட்காரர் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார். சந்தை என்றார், வளர்ச்சி என்றார், ஐந்து வருஷம் கழித்து என்றார். மின்விசிறி மேலே ஒரே தாளத்தில் சுற்றியது. சாப்பிட்ட நேரம். சுருட்டையின் மேசையில் இருந்து ஈயப்புகை லேசாக வந்தது. டிரைவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். எப்போது மூடியது என்று அவருக்கே தெரியாது. தலை ஒரு தடவை முன்னால் சாய்ந்தது. சாய்ந்து, தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தது.

"அவ்வளவுதான்!" என்று செண்ட்காரர் தொடையில் தட்டினார். "ஐயா சம்மதிச்சுட்டார். நாளைக்கே பேப்பரோட வரேன்."

டிரைவர் விழித்துப் பார்த்தபோது மருமகளின் முகம் வெளுத்திருந்தது. பேனா மூடாமல் மேசை மேல் கிடந்தது. கண்ணாடி கையில் இருந்தது. எப்போது கழற்றினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எதுக்கும்மா தலையாட்டினேன் நான்?" என்றார் டிரைவர், மெதுவாக.

"கம்பெனிக்குத் தலைவர் நீங்கதான். அஞ்சு வருஷத்துக்கு. பேப்பர்ல என் பேரு எங்கேயும் வராது. 'ஐயாவுக்கு ஒத்தாசையா மருமக இருக்கட்டும்'னாரு."

டிரைவர் யோசித்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அது பெரிய கெடுதலாகப் படவில்லை. "பேர்ல என்னம்மா இருக்கு? வீட்டுக்குள்ளதானே இருக்கு."

"அப்போ உங்க லைசென்ஸ்ல அத்தை பேரைப் போட்டிருக்கலாமே மாமா. வீட்டுக்குள்ளதானே."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஓட்டுகிறவன் கிளட்ச்சை மிதித்தவிதம் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் சத்தமாகவே சொல்லியிருப்பார்.

"உங்க மேல தப்பில்ல" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே. "ஆம்பளை ஒருத்தர் இருந்தாத்தான் நம்புவாங்கன்னு ஊரே சொல்லிச்சு. நீங்களும் சொன்னீங்க. சரி, சொல்லிட்டுப் போகட்டும். ஆனா உங்களைக் கூட்டிவந்து உட்கார வச்சது நான். அன்னைக்கே நானும் அதை நம்பிட்டேன். இனி யார்கிட்டப் போய் சண்டை போட?"

"நான் நாளைக்கு வந்து அவர்கிட்ட சொல்றேன், பேரை மாத்துங்கன்னு."

"வேண்டாம். நீங்க சொல்லி மாத்தினா அதுவும் நீங்க கொடுத்ததாத்தான் ஆகும். நாளைக்கு வராதீங்க மாமா. வீட்ல இருங்க."

வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஓட்டின காலம் முழுவதும் ஸ்டியரிங்கில் ஒரு தடவை கண் அசந்தவர் இல்லை அவர். கூட ஓட்டினவர்கள் அசந்திருக்கிறார்கள், கவிழ்த்திருக்கிறார்கள். இவர் இல்லை. எங்கேயும் ஓடாத நாற்காலியில் போய்த் தூங்கியிருக்கிறோமே என்று உறுத்தியது. அதோடு இன்னொன்றும். தான் இல்லாமல் இவள் பேசினால் அந்த ஆள் எழுந்து போய்விடுவான். நிச்சயம் போய்விடுவான். அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

போனார். இஸ்திரி போடாத சட்டையோடு. மருமகள் அவரைப் பார்த்துவிட்டு மேசையைத் துடைக்கத் திரும்பினாள். அவர் நாற்காலிப் பக்கம் போகாமல் சுருட்டையின் மேசைக்கு அருகில் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என்ன முதலாளி, டிப்போ மாத்திட்டாங்களா?" என்றாள் சுருட்டை.

"உன் வேலையைப் பாரு. மூக்கைச் சுட்டுக்கப் போறே."

மருமகள் கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது டிரைவரின் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தது. கால் தரையைத் தொடவில்லை. கீழே கைவிட்டுக் குமிழை இழுத்தாள். புஸ் என்று மூச்சுவிட்டுக்கொண்டு நாற்காலி இறங்கியது. சுருட்டை சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசனை வந்தது. பின்னாலேயே செண்ட்காரர். மேசையைப் பார்த்தார், நாற்காலியில் பெண்ணைப் பார்த்தார், அவளைத் தாண்டி அறையைத் தேடினார். ஸ்டூலில் டிரைவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா! வேலைக்காரங்களோட வேலைக்காரரா ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கார். இந்தக் குணம்தான் ஐயா எனக்குப் பிடிச்சது."

"சார், இங்க உட்காருங்க" என்றாள் மருமகள். "ஒரு விஷயம் சொல்லணும். அவர் என் மாமனார். பஸ் டிரைவரா இருந்தவர். நான் கூப்பிட்டு வந்து உட்கார்ந்தார். பெட்டி செஞ்சது நான், விலை போட்டது நான், கம்பெனி என்னோடது. பேப்பர்ல தலைவர்னு என் பேரு வரணும். வந்தா கையெழுத்துப் போடுறேன்."

அவள் பேசி முடிக்கும்வரை செண்ட்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. முடித்ததும் ஸ்டூல் பக்கம் திரும்பினார். "ஐயா, என்ன சொல்றாங்க இவங்க?"

டிரைவர் பழக்கத்தில் மருமகளின் கையைப் பார்த்தார். பேனா இல்லை. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. விசில் இல்லை. அவள் இவரைப் பார்க்கக்கூட இல்லை. "அவ சொல்றது சரி" என்று சொன்னால், அதற்கும் இந்த ஆள் ஐயா சொல்லிட்டார் என்று தொடையில் தட்டுவான். சொல்வதற்கு வேறு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்வதற்குப் பதில் நாலு பேர் எதிரில் கன்னத்தில் அறை வாங்கலாம்.

"நான் நேத்து தலையாட்டல சார். தூங்கிட்டேன்."

"தூங்கினீங்களா?"

"ஆமா. நீங்க பேசினது ரொம்ப நீளம்."

சுருட்டை கையிலிருந்த சூட்டுக்கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

"அப்போ அதுக்கு முன்னாடி ஆட்டினதெல்லாம்?"

"அது பேனாவைப் பார்த்து ஆட்டுறது. அதைப் பத்தி என்னைக் கேட்காதீங்க, எனக்கு ஒன்னும் தெரியாது."

செண்ட்காரர் காது சிவந்துவிட்டது. "அப்போ என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா சார், ஏமாத்தினதுதான்" என்றாள் மருமகள். "அதான் நிறுத்துறேன்."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று அவர் இப்போதுதான் அவளைப் பார்த்துப் பேசினார். "லேடீஸ் மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா இது வேற லைன். ராத்திரி போன் வந்தா எழுந்து ஓடணும். குழந்தை இருக்கு. நாளைக்கு இன்னொன்னு வரும். துணிஞ்சு ஒரு முடிவு எடுக்கணும்னா..."

"ராத்திரி போன் இதுவரைக்கும் எனக்குத்தான் சார் வருது. அவர் சாப்பிட்ட கையோட படுத்துடுவார்."

செண்ட்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவுகிட்டே போய், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று டிரைவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார் அதை. ஆனால் இந்த ஆள் படியிலிருந்து திரும்பி வரவில்லை. வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

"போச்சு" என்றார் டிரைவர். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? கைக்கு வந்ததை விட்டுட்டே. இப்போ ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொல்லுவே?"

மருமகள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தார். அழவில்லை. தூங்கவுமில்லை. கண்ணைத் திறந்துகொண்டு பலகையின் மேல் கன்னத்தை வைத்திருந்தாள். சுருட்டை மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டிவைத்தாள். ஆஸ்பத்திரியும் போனால் அடுத்த மாதம் தனக்கு வேலை இருக்காது என்று அவளுக்கும் தெரியும்.

பிறகு மருமகள் எழுந்து முகம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மொத்தமாகச் செய்துதர இப்போது முதல் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று டிரைவருக்குக் கேட்கவில்லை. "மத்தியானமே நேர்ல வராராம்" என்றாள் வைத்துவிட்டு. "வேண்டாம்னு சொல்லத்தான் வராரோ என்னவோ."

வந்தவர் ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோருக்குப் பொறுப்பானவர். சட்டைப்பையில் மைக்கறை, கண்ணுக்குக் கீழே பை கட்டின சதை. பார்த்தால் அவரும் தூக்கம் கண்டு நாளான ஆள்தான். மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நாற்காலியில் மருமகள். ஸ்டூலில், சுவரில் சாய்ந்தபடி, டிரைவர். வந்தவர் கால் தன்னாலே ஸ்டூல் பக்கம் நடந்தது.

"நீங்கதானே பெரியவர்? உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். சொல்லுங்க ஐயா, மொத்தமா முடியாதுன்னா எப்படி? நாங்க மேலிடத்துக்கு என்ன சொல்றது?"

டிரைவருக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. அரையும் குறையுமாக ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அவர் சொன்னால் இந்த ஆள் கேட்பான், அதுவும் தெரிந்தது. மருமகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் கண்ணை மூடினார்.

"ஐயா?"

வாயை லேசாகத் திறந்து, அடித்தொண்டையில் ஒரு குறட்டை விட்டார். நல்ல குறட்டை. டிப்போவில் பெஞ்சில் படுத்தால் பக்கத்து வண்டிக்காரர்கள் எழுந்து போய்விடுகிற குறட்டை.

"அவரு இப்படித்தான் சார்" என்றாள் சுருட்டை. "எதுவா இருந்தாலும் அங்க கேளுங்க."

காலடி கொஞ்சம் தயங்கியது. பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம். வேறு போக்கிடம் இல்லாமல் அந்த ஆள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டான் என்று மூடின கண்ணுக்குள் டிரைவருக்குத் தெரிந்தது.

"எவ்வளவுதான் முடியும் உங்களால?"

"முதல்ல ஒரு மாடி. அதுக்கு நீங்க கொடுக்கிறதை வச்சு அடுத்த மாடி."

"நடுவுல ரிப்பேர் ஆச்சுன்னா?"

"ஆயிருக்கு சார். ஒரு கடையில ரெண்டு பெட்டி அடிக்கவே இல்ல. உள்ளே ஈரம் கோத்து பேட்டரி முனை துருப்பிடிச்சுடுச்சு. இப்போ மூடியை மாத்திட்டோம்."

அடிப்பாவி, அதைப் போய் ஏன் சொல்றே! டிரைவருக்குக் கண்ணிமை துடித்தது. குறட்டை ஒரு கணம் நின்றேவிட்டது. எழுந்து சமாளிக்க முழங்கால் தயாரானது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு குறட்டை விட்டார்.

அப்புறம் அந்த ஆள் பெருமூச்சு விட்டான். "எங்ககிட்ட ஃபிரிட்ஜே அப்படித்தாம்மா. போன் அடிக்கும்ங்கிறீங்க, எங்க ராத்திரி செக்யூரிட்டி போனை எடுத்தாத்தானே?"

"எடுக்காட்டி உங்களுக்கு அடிக்கும்."

"எனக்கா? அது வேறயா?" என்று அலுத்துக்கொண்டான். அலுப்பில் சிரிப்பும் கலந்திருந்தது.

பிறகு அவர்கள் கரண்ட் போவதைப் பற்றிப் பேசினார்கள். எந்த மாடியில் எந்த ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாது என்று பேசினார்கள். களைத்துப்போன இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து வேலையின் தொல்லையைச் சொல்லிக்கொள்கிற குரல். டிரைவர் கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மின்விசிறி ஒரே தாளத்தில் சுற்றியது.

விழித்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது. சுருட்டை கிளம்பிப் போயிருந்தாள். மருமகள் பையில் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி இறக்கின உயரத்திலேயே இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஒரு மாடி. ஒழுங்கா ஓடினா மத்ததைப் பேசலாம்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா இவ்வளவு பேச்சு."

"ஆமா மாமா." கதவைப் பூட்டச் சாவியைக் கையில் எடுத்தாள். "கடைசியில நிஜமாவே தூங்கிட்டீங்க, தெரியுமா? பாதியில குறட்டை மாறிடுச்சு."

டிரைவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் இருந்து எழுந்தார். பஸ்ஸில் ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தாடையால் அந்த இடத்தைக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் அவள் உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.